சுவருக்குள் போன உருவம்

“பேய்க்கு முட்டி வலிக்குமா அக்கா?”

ஸ்பீக்கர் இப்படிக் கேட்டதும் தையல்காரம்மாவின் முகத்தில் மிச்சமிருந்த நிறமும் போய்விட்டது. அக்கா திரும்பி அவனை முறைத்தாள்.

“இல்ல, முட்டி போட்டுத் தரையில எதையோ தேடிச்சுன்னு சொல்றாங்களே, அதான்...” என்று இழுத்தான்.

பயம் வந்தால் அவனுக்கு நகைச்சுவை வரும். இன்று காலையிலிருந்தே நிறைய வந்துகொண்டிருந்தது. தேர்தல் வண்டிகளில் மைக் பிடித்துக் கத்திக் கத்தித் தொண்டை கெட்டுப்போன பிறகு, ஸ்பீக்கர் என்ற பட்டப்பெயரோடு அக்காவிடம் உதவியாளாக வந்து சேர்ந்தவன் அவன். தொண்டைதான் கெட்டதே தவிர வாய் கெடவில்லை. அக்கா வக்கீல் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, ஒரு சலவைக் கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தவள். வழக்கோடு வருகிறவர்களும் சரி, போலீஸ்காரர்களும் சரி, அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

“இவன் இனிமே சிரிச்சா கீழ போய் நிக்கச் சொல்லிடறேன். நீங்க முதல்ல இருந்து சொல்லுங்க,” என்றாள் அக்கா.

தையல்காரம்மாவின் மொட்டை மாடியில் மூவரும் நின்றிருந்தார்கள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கீழே ரயில் யார்டு அகலமாகக் கிடந்தது. அதற்கு அப்பால், தீப்பெட்டிகளை அடுக்கி வைத்ததுபோலக் கட்டடங்கள். மாடியின் நடுவில் மெல்லிய முக்காலி ஒன்றின் மேல், துணியால் இறுகக் கட்டிய தொலைநோக்கி. பிணத்தைக் கட்டி வைத்ததுபோல் இருக்கிறதென்று சொல்ல வாயெடுத்த ஸ்பீக்கர் நல்லவேளையாக விழுங்கிவிட்டான்.

“நாள் பூரா ஊசி முனையையே பார்த்துட்டு இருக்கேன். சாயங்காலமாவது தூரத்துல இருக்கிறதைப் பார்க்கலாமேன்னு நட்சத்திரம் பார்க்கிற கிளப்புல சேர்ந்தேன்,” என்றாள் தையல்காரம்மா. “மூக்குக் கண்ணாடிக் கடை வச்சிருந்தாரே பெரியவர், அவர்தான் இந்த டெலஸ்கோப்பைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். மேல ஒட்டியிருக்கிற சின்னக் குழாயும் பெரிய குழாயும் ஒரே இடத்தைப் பார்க்கணுமாம். ‘வெளிச்சம் இருக்கும்போதே தூரத்துல நகராத பொருள் ஒண்ணைப் பிடிச்சு சரி பண்ணும்மா. யார்டுக்கு அந்தப் பக்கம் என் மாடியில என் டெலஸ்கோப் நிக்கும், அதையே பிடி’ன்னார்.”

“பிடிச்சீங்க.”

“பிடிச்சேன். பொழுது சாயற நேரம். குழாய்க்குள்ள சின்ன வட்டம்தான் தெரியும். அதுக்குள்ள பெரியவர் வெள்ளைச் சட்டையோட நின்னார். பக்கத்துல இன்னொரு ஆள். தலையையும் சேர்த்து மூடின கறுப்புச் சட்டை. முகம் தெரியல. கிளப்பு ஆள்னு நினைச்சேன். ஒரு திருகு லூசா இருந்துச்சு, அதை முறுக்கிட்டு மறுபடியும் கண்ணை வச்சேன். வெள்ளைச் சட்டை இல்ல.”

அவள் யார்டுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினாள்.

“அந்தக் கறுப்பு உருவம் மட்டும் இருந்துச்சு. டெலஸ்கோப்பைக் குழந்தையைத் தூக்கி வச்சுக்கிற மாதிரி மாரோட அணைச்சுக்கிட்டு நின்னுச்சு. அப்புறம் மெதுவா முக்காலியை நிமிர்த்துச்சு. முட்டி போட்டுத் தரையைத் தடவித் தடவி எதையோ தேடிச்சு. ரொம்ப நேரம். எந்திரிச்சு வலது பக்கமா நடந்து, வட்டத்தை விட்டுப் போயிடுச்சு. மறுநாள்தான் பெரியவர் மாடியில இருந்து விழுந்து செத்துட்டார்னு தெரிஞ்சுது.”

“போலீஸ் என்ன சொன்னாங்க?”

“அங்க வலது பக்கம் தண்ணித் தொட்டிச் சுவர்தான் இருக்கு, கதவே இல்லைன்னு சிரிச்சாங்க. பெரியவரோட தம்பி, சின்னவர், அவர் என்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினார். ‘நீயே தொட்டுப் பாரும்மா’ன்னார். தொட்டேன். சில்லுன்னு இருந்துச்சு.” புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். “‘அண்ணனைக் கூட்டிட்டுப் போக வந்ததைத்தான் நீ பார்த்திருக்கே, அந்த டெலஸ்கோப்பை மூடி வச்சுடு, வெளிய சொல்லாதே’ன்னார். அன்னிக்குப் பிடிச்ச பயம். கண்ணை மூடினா அது சுவருக்குள்ள போகுது. என் வீட்டுக்காரர் என்னைப் பைத்தியக்கார டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகப் போறேங்கிறார்.”

அக்கா தொலைநோக்கியின் கட்டை அவிழ்த்தாள். நேராகப் போகும் குழாய், கண் வைக்கும் இடத்தில் மட்டும் முழங்கைபோல் மடங்கி மேலே பார்த்தது. குனிந்து கண்ணை வைத்தாள். யார்டில் ஓர் எஞ்சின் பெட்டிகளில்லாமல் தனியாக ஊர்ந்துகொண்டிருந்தது. அக்கா அதைத் தொலைநோக்கியில் பார்த்தாள். தலையைத் தூக்கி வெறுங்கண்ணால் பார்த்தாள். மறுபடியும் குனிந்தாள்.

நிமிர்ந்தபோது அவள் முகத்தில் ஒரு மாற்றம். கோர்ட்டில் எதிர்த்தரப்புச் சாட்சி தன் வாயாலேயே மாட்டிக்கொள்ளும்போது வரும் முகம் அது.

“ஸ்பீக்கர், நீ அந்தப் பக்கம் போ.”

“எந்தப் பக்கம்?”

“பேய் இருக்கிற பக்கம்.”

*

மேம்பாலத்தில் யார்டைக் கடந்து அந்தக் கட்டடத்தின் மேல்தளத்துக்கு வருவதற்குள் ஸ்பீக்கர் மூன்று தடவை திரும்பிப் பார்த்துவிட்டான். கதவைத் திறந்தவர் சின்னவர். நெடுநெடுவென்ற உருவம். நகங்களை ஒட்ட வெட்டிய, சுத்தமான நீள விரல்கள். அண்ணன் கடையில் கண்ணாடி தேய்த்த விரல்கள் அவை.

“தையல்காரம்மா எங்க அக்காகிட்ட வந்தாங்க. மாடியை ஒரு தடவை பார்த்துட்டுப் போய், அங்க ஒண்ணுமில்லைன்னு சொன்னா கொஞ்சம் தெளிவாங்க,” என்றான்.

“பாவம் அந்தம்மா,” என்றார் சின்னவர். “வாங்க.”

ஹாலில் பெரியவரின் மனைவி சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வந்து இன்னும் வெள்ளைக் கோட்டைக் கழற்றவில்லை. வந்தவனை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஹாலின் மூலையிலிருந்தே படிகள் மேலே போயின. மொட்டை மாடிக்கு அது ஒன்றுதான் வழி.

“அன்னிக்கு அண்ணி வேலைக்குப் போயிருந்தாங்க. நான் இந்த ஹால்லதான் இருந்தேன். யாரும் ஏறல, யாரும் இறங்கல. போலீஸ்லயும் அதைத்தான் சொன்னேன்,” என்றார் சின்னவர் படியேறிக்கொண்டே.

மாடியில் காற்று பிய்த்துக்கொண்டு போனது. யார்டைப் பார்த்து நின்றால் வலது கைப்பக்கம் படிக்கட்டுக் கதவு. இடது கைப்பக்கம், நாலைந்து எட்டில் தண்ணீர்த் தொட்டியின் உயர்ந்த சுவர். பின்பக்கம் முழங்கால் உயரத்துக்கு ஒரு கைப்பிடிச் சுவர். அங்கிருந்துதான் பெரியவர் விழுந்திருந்தார். ஸ்பீக்கர் அந்தப் பக்கம் பார்க்காமல் தொட்டிச் சுவரைத் தொட்டான். சில்லென்றுதான் இருந்தது. கையை உடனே சட்டையில் துடைத்துக்கொண்டான்.

நடுவில் உறை போட்ட உருவமொன்று ஆளுயரத்துக்கு நின்றது. காற்றில் உறை உப்பிச் சுருங்கியது. மூச்சு விடுவதுபோலவே இருந்தது. சின்னவர் உறையை உருவினார்.

ஸ்பீக்கருக்குக்கூடக் கண் விரிந்தது. நீளமான வெள்ளைக் குழாய். முன்னால் உள்ளங்கை அகலத்துக்கு லென்ஸ், நீலமும் ஊதாவுமாக ஆழத்தில் மின்னியது. அதைத் தாங்கிய இரும்புத் தலை, எடைக் கற்கள், பல்சக்கரங்கள். கீழே வழவழவென்று மெருகேற்றிய மூன்று மரக்கால்கள்.

“வாளி மாதிரி பெரிய டெலஸ்கோப்பெல்லாம் இருக்கு. உள்ள கண்ணாடி வச்சு வெளிச்சத்தை அள்ளும்,” என்றார் சின்னவர். அதுவரை செத்துக் கிடந்த குரலில் உயிர் வந்துவிட்டது. “ஆனா நட்சத்திரத்தை ஊசிக் குத்து மாதிரி காட்டணும்னா லென்ஸ்தான். இதை வாங்கல. நானும் அண்ணனும் கையால தேய்ச்சோம். வருஷக்கணக்கா. ஒரு தூசி விழுந்து கீறல் ஆச்சுன்னா மறுபடியும் முதல்ல இருந்து.”

“பொண்டாட்டியைக்கூட இவ்வளவு பத்திரமா யாரும் பார்த்துக்க மாட்டாங்க சார்.”

“புதுசா வர்றவன் குழாயைப் பார்ப்பான். விஷயம் தெரிஞ்சவன் காலைப் பார்ப்பான்.”

“நாட்டியத்துக்கு வர்றவங்க மாதிரியா?”

சின்னவர் சிரிக்கவில்லை. குனிந்து தரையைக் காட்டினார். ஒவ்வொரு மரக்காலின் இரும்பு முனையும் சிமெண்ட்டில் தோண்டிய ஒரு சின்னக் குழிக்குள் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. குழி காலணா அகலம்தான். காட்டியிருக்காவிட்டால் கண்ணில் பட்டிருக்காது.

“இதுல கால் உட்கார்ந்துட்டா மேல இருக்கிற அச்சு நேரா வட துருவத்தைப் பார்க்கும். நட்சத்திரம் நகர நகரக் குழாயும் கூடவே திரும்பும். ஒரு நூல் பிசகினாலும் நட்சத்திரம் வட்டத்தை விட்டு ஓடிடும்.”

“போலீஸ் கணக்குப்படி பெரியவர் இந்தக் கால் இடறித்தானே விழுந்தார்? அப்போ நகர்ந்திருக்குமே?”

“இல்லையே. போலீஸ் வந்தப்போ இப்படியேதான் நின்னுச்சு. அதுக்கப்புறம் யாரும் தொடல.”

“நீங்ககூடப் பார்க்கிறதில்லையா?”

சின்னவர் கண் வைக்கும் இடத்திலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். “அண்ணன் போனதுக்கப்புறம் கண்ணை வைக்கல. ஒரே ஒரு நாள் வச்சேன். உள்ள இருந்து யாரோ இந்தப் பக்கம் பார்க்கிற மாதிரி இருந்துச்சு.”

அவர் பொய் சொல்லவில்லை என்று ஸ்பீக்கருக்குத் தோன்றியது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. சட்டைப்பையில் போன் அதிர்ந்து அவன் துள்ளி விழுந்தான்.

“உன்னைப் பிடிச்சுட்டோம். உன் தலைமுடி நட்டுக்கிட்டு நிக்கிறதுகூடத் தெரியுது,” என்றாள் அக்கா. “போனை ஸ்பீக்கர்ல போடு. முக்காலி பக்கத்துல எங்களைப் பார்த்து நில்லு. ம்... முட்டி போடு. தரையைத் தடவு.”

அவன் செய்தான். சின்னவர் சுவரோரம் ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“எந்திரி. இப்போ படிக்கட்டுக் கதவு வழியா உள்ள போயிடு.”

அவ்வளவுதானா என்ற நிம்மதியில் ஸ்பீக்கர் விறுவிறுவென்று கதவை நோக்கி நடந்தான். நிலையைத் தாண்டி ஒரு காலை வைத்ததுதான் தாமதம், போனிலிருந்து ஓர் அலறல் கிளம்பியது.

“அய்யோ! அதேதான்! சுவருக்குள்ள போறார்! அதே மாதிரி சுவருக்குள்ள போறார்!”

ஸ்பீக்கருக்கு உடம்பு சிலிர்த்துப்போனது. தன்னையறியாமல் குனிந்து தன் கால்களைப் பார்த்தான். இரண்டும் இருந்தன. கதவுச் சட்டத்தைத் தட்டிப் பார்த்தான். மரம். “அக்கா, நான் கதவு வழியாத்தான் வந்தேன்! சத்தியமா கதவுதான்!”

“தெரியும். நீ உயிரோடதான் இருக்கே,” என்றது அக்காவின் குரல், அவசரமேயில்லாமல். “நாங்க வர்றோம். அதுவரைக்கும் அவர்கூடப் பேசிக்கிட்டிரு. அதுதான் உனக்கு நல்லா வருமே.”

போன் அடங்கியது. ஸ்பீக்கர் திரும்பினான். சின்னவர் சுவரில் முதுகை ஒட்டி நின்றிருந்தார். அந்த அலறல் அவருக்கும் கேட்டிருந்தது. அவன் தன் வாழ்க்கையிலேயே முதல்முறையாகப் பேச எதுவும் கிடைக்காமல் படிக்கட்டுக் கதவை அடைத்துக்கொண்டு நின்றான். இருவருக்கும் நடுவில் அந்த வெள்ளைக் குழாய் வானத்தைப் பார்த்து நின்றது. காற்று அதன் வாயில் ஊதிச் சன்னமாக ஓர் ஓசை எழுப்பிக்கொண்டிருந்தது.

*

அக்கா மூச்சு வாங்கப் படியேறி வந்தாள். பின்னால் தையல்காரம்மா, சுவரைப் பார்க்காமல், அக்காவின் முந்தானையைப் பிடித்தபடி.

“சார், டெலஸ்கோப்புல முழங்கை மாதிரி மடங்கி இருக்கே, அதுக்குள்ள என்ன இருக்கு?” என்று கேட்டாள் அக்கா.

சின்னவர் உதட்டை நனைத்துக்கொண்டார். “கண்ணாடி.”

“முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி. மேல கீழ சரியா இருக்கும், இடமும் வலமும் மாறிடும். இல்லையா? யார்டுல ஒரு எஞ்சின் இடது பக்கம் போச்சு. குழாய்க்குள்ள பார்த்தா அது வலது பக்கம் போகுது. இந்தம்மா அதுவரைக்கும் நட்சத்திரத்தை மட்டும்தான் பார்த்திருக்காங்க. நட்சத்திரத்துக்கு இடக்கை ஏது, வலக்கை ஏது?”

தையல்காரம்மாவின் பிடி தளர்ந்தது. “அப்போ... அது சுவருக்குள்ள போகலையா?”

“படிக்கட்டுக் கதவு வழியா நடந்து வீட்டுக்குள்ள போச்சும்மா. நீங்க பார்த்தது அத்தனையும் நிஜம். உங்களுக்கு ஒண்ணுமே இல்ல.”

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். ஸ்பீக்கர் ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“எனக்கு... அது தோணல,” என்றார் சின்னவர்.

“உங்களுக்கா?” அக்காவின் குரல் தணிந்திருந்தது. “நிலா இடம் வலம் மாறித் தெரியும்னு கிளப்புல புதுசா வர்ற எல்லாருக்கும் வகுப்பு எடுக்கிறது நீங்கதானாமே. வர்ற வழியில ரெண்டு பேரை போன்ல கேட்டுட்டேன். இந்தம்மா வந்து கதை சொன்ன அன்னிக்கு, ‘கண்ணாடியில மாறித் தெரிஞ்சிருக்கும்மா’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். யாரா இருந்தாலும் அதைத்தான் முதல்ல சொல்லியிருப்பாங்க. நீங்க சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னீங்க.”

சின்னவரின் பார்வை முக்காலியின் கால்களுக்குப் போனது.

“சார் இப்பத்தான் சொன்னார் அக்கா,” என்றான் ஸ்பீக்கர் தரையிலிருந்து. “போலீஸ் வந்தப்போ முக்காலி அந்தக் குழியிலயே அசையாம நின்னுச்சாம்.”

அக்கா குனிந்து குழிகளைப் பார்த்தாள். தையல்காரம்மாவைப் பார்த்தாள். முட்டி போட்டுத் தரையைத் தடவிய உருவம் எதைத் தேடியதென்று இப்போது எல்லோருக்குமே புரிந்துவிட்டது.

“ஒரு ஆள் இடறி விழுந்து செத்திருக்கார், முக்காலி நூல் பிசகாம நிக்குது. யாரோ அதைத் தூக்கி, மங்கின வெளிச்சத்துல குழியைத் தேடிப் பிடிச்சு நிறுத்தியிருக்காங்க. கொலைகாரன் ஓடியிருப்பான். திருடன் டெலஸ்கோப்பைத் தூக்கிட்டுப் போயிருப்பான்.” அக்கா சின்னவரின் பக்கம் திரும்பினாள். “ஹால் வழியா யாரும் இறங்கலைன்னு போலீஸ்ல சொன்னதும் நீங்கதான். கீழ விழுந்த அண்ணனைத் தூக்கப் போகாம, நீங்க சாய்ஞ்ச முக்காலியைத் தூக்கி நிறுத்தியிருக்கீங்க.”

சின்னவர் சுவரில் சறுக்கிக்கொண்டே உட்கார்ந்தார்.

“நான் தள்ளல,” என்றார். “சத்தியமா தள்ளல. ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துக்கு இதைக் கொடுக்கப் போறேன்னார். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கல. பசங்க கை வைப்பாங்க, லென்ஸைத் துணியில துடைப்பாங்கன்னேன். ‘நம்ம ரெண்டு பேருக்கும் அப்புறம் இது யாருக்கு’ன்னு கேட்டுக்கிட்டே குழாயைக் கழட்ட ஆரம்பிச்சார். நான் பிடிச்சேன். அவர் இழுத்தார். முக்காலி சாய்ஞ்சுது. அவர் பின்னால தடுமாறி அந்தக் கைப்பிடிச் சுவர்ல இடிச்சார். குழாய் இந்தப் பக்கம் விழுது, அவர் அந்தப் பக்கம் விழறார். எனக்கு இருக்கிறது ரெண்டு கை.”

அவர் தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தார்.

“யோசிக்கலைங்க. யோசிச்சிருந்தா அப்படிச் செஞ்சிருக்க மாட்டேன். கை தானா இங்க வந்துடுச்சு.”

ஸ்பீக்கர் தலைகுனிந்தான்.

“அதோட நிறுத்தியிருந்தா அது விபத்து சார்,” என்றாள் அக்கா. “கீழ அவர் உயிரோட கிடக்கிறாரான்னுகூட நீங்க போய்ப் பார்க்கல. ஹால்ல உட்கார்ந்திருந்தேன்னு பொய் சொன்னீங்க. அதை மறைக்க ஒரு பொம்பளையைப் பைத்தியமாக்கப் பார்த்தீங்க. இன்ஸ்பெக்டர் தெருவுல நிக்கிறார். நீங்களே இறங்கிப் போய்ச் சொல்றது நல்லது.”

சின்னவர் சுவரைப் பிடித்து எழுந்தார். தொலைநோக்கியைத் திரும்பிப் பார்க்கவில்லை. படிக்கட்டுக் கதவை நோக்கி இரண்டு எட்டு வைத்தவர் நின்றுவிட்டார்.

வாசலில் பெரியவரின் மனைவி வெள்ளைக் கோட்டோடு நின்றிருந்தாள். எப்போது வந்தாள், எவ்வளவு கேட்டாள் என்று யாருக்கும் தெரியவில்லை. முகத்தில் கண்ணீர் இல்லை.

“அவர் கூப்பிட்டாரா?” என்று கேட்டாள்.

“அண்ணி...”

“விழும்போது உன்னைக் கூப்பிட்டாரான்னு கேட்டேன்.”

சின்னவர் கைப்பிடிச் சுவரின் பக்கம் பார்த்தார். “கூப்பிட்டார்.”

“என்னன்னு?”

“‘லென்ஸைப் பிடிடா’ன்னு.”

கீழே யார்டில் பெட்டிகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் கேட்டு அடங்கியது. அண்ணன் அப்படிக் கூப்பிட்டது உண்மைதானா, இல்லை இத்தனை நாள் அவர் தனக்குத்தானே சொல்லிச் சொல்லி உண்மையாகிப் போனதா என்று அக்காவால்கூடச் சொல்ல முடியாது. பார்த்த ஒரே ஆள் அந்த நேரத்தில் திருகை முறுக்கிக்கொண்டிருந்தாள். பார்த்திருந்தாலும், அந்தக் குழாய்க்குள் குரல் வராது.

அண்ணி அவருக்குப் பின்னால் நின்ற தொலைநோக்கியைப் பார்த்தாள்.

“சொல்லியிருப்பார்,” என்றாள். “அவர் அப்படித்தான் சொல்லியிருப்பார்.”

கதவிலிருந்து விலகி அவருக்கு வழிவிட்டாள்.

“நீ அவர் பேச்சைக் கேட்டிருக்கக் கூடாது.”